சிக்வின் என்னும் துபாஷி

(பழைய மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு மாற்றங்களுடன்.)



சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் இன்றைக்குப் போட்ட பால் பாயசத்துக்குப் பிறகு பேச வருகிறவன் பாடு கொஞ்சம் சிரமம்தான். செயலாளர் என்னைப் போனில் கூப்பிட்டபோது, "செயற்கை நுண்ணறிவு பத்திப் பேசுங்க சார், பசங்க தூங்க மாட்டாங்க" என்றார். அதைப் பேச இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பழுது பார்க்கிற வேலை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் சோறு தின்பது அதில்தான். ஆகவே ஒரே ஒரு சாஃப்ட்வேரை எடுத்துக்கொண்டு, அதில் வந்த பழுதுகளையும் அவற்றைத் திருத்திய விதத்தையும் மட்டும் பேசப் போகிறேன்.

இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. எங்கள் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் குழுவோடு நான் வருஷா வருஷம் கல்லூரிகளுக்குப் போகிறேன். நன்றாகப் படித்த பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "டெவலப்மென்ட்டா சார், மெயின்டனன்ஸா?" மெயின்டனன்ஸ் என்றதும் முகம் வாடிவிடுகிறது. கல்யாண வீட்டில் "இரண்டாம் பந்திக்கு உட்காருங்க" என்று சொன்ன மாதிரி. அந்த முகங்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

சாஃப்ட்வேரின் பெயர் சிக்வின். யுனிக்ஸுக்காக எழுதிய ப்ரோக்ராம்களை விண்டோஸில் ஓட வைப்பது அதன் வேலை. லினக்ஸ் மெஷினில் கம்பைல் செய்ததை அப்படியே தூக்கி வந்து போட்டால் ஓடாது. சோர்ஸை விண்டோஸ் பக்கத்தில் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அப்படிச் செய்த ப்ரோக்ராம், யுனிக்ஸிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒரு உதவி கேட்கும். நடுவில் ஒரு டிஎல்எல் கோப்பு உட்கார்ந்திருக்கும். அது கேள்வியை வாங்கி, விண்டோஸுக்குப் புரிகிற பாஷையில் கேட்டு, வந்த பதிலை யுனிக்ஸ் பாஷையில் திருப்பிச் சொல்லும்.

இதற்கு நம் ஊரில் ஒரு பழைய பெயர் இருக்கிறது: துபாஷி. புதுச்சேரியில் துப்ளேக்ஸிடம் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த உத்தியோகம். துபாஷி வெறும் அகராதி கிடையாது. இந்தப் பக்கத்து ஆள் தலையாட்டினால் என்ன அர்த்தம், அந்தப் பக்கத்து ஆள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று இரண்டு வீட்டுச் சம்பிரதாயமும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் இருக்கிற பழக்கம் மறு வீட்டில் இல்லவே இல்லை என்றால், அதை அவன்தான் எப்படியாவது சமாளிக்க வேண்டும். நான் சொல்லப் போகிற பழுதுகள் எல்லாம் அந்த இடத்தில் பிறந்தவை.

1995-இல் அமெரிக்காவில் சிக்னஸ் என்ற கம்பெனியில் ஸ்டீவ் சேம்பர்லெய்ன் என்ற பொறியாளர் இதை ஆரம்பித்தார். சிக்னஸ் 1989-இல் தொடங்கிய கம்பெனி. இலவச சாஃப்ட்வேருக்குப் பணம் வாங்கிக்கொண்டு பராமரிப்புச் செய்வதுதான் அவர்கள் தொழில். அப்போது பலர் சிரித்தார்களாம். அந்தப் பெயரின் நடுவில் க்னூ என்ற மூன்று எழுத்துகள் ஒளிந்திருக்கும். லத்தீனில் அதற்கு அன்னப் பறவை என்று பொருள். பாலையும் நீரையும் பிரிப்பதாக நம்மவர்கள் சொல்லும் அதே பறவை. பழுது பார்க்கிற தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

விண்டோஸ் என்டியும் 95-உம் ப்ரோக்ராம்களை வைக்கிற கோப்பு வடிவம், க்னூ கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்த காஃப் என்ற வடிவத்தின் உறவுதான் என்பதை சேம்பர்லெய்ன் கவனித்தார். கம்பைலரை விண்டோஸுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அதைக் கட்டியெழுப்புகிற ஸ்க்ரிப்டுகளுக்கு ஷெல் வேண்டும். ஷெல்லுக்கு யுனிக்ஸ் வேண்டும். சரி, யுனிக்ஸ் மாதிரி ஒன்றைச் செய்துவிடுவோம் என்று இறங்கினார். சிறு சிப்புகளுக்கு ப்ரோக்ராம் எழுதுகிற கருவிகளை விண்டோஸ் வாடிக்கையாளர்களுக்கும் தரலாமே என்று 1996-இல் கம்பெனியின் மற்ற பொறியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு இது அறிமுகமானது 1998-இல், பீட்டா 20 என்ற வெளியீட்டில். மின் மீட்டருக்குள் இருக்கிற சிப்புக்கு ப்ரோக்ராம் எழுதும் பிரிவில் இருந்தேன். யுனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன் ஒன்றே ஒன்று. அதற்குப் பூட்டுப் போட்ட ஏசி அறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். நாங்கள் ஆறு பேர் முறை வைத்து உட்காருவோம். யாரோ ஒரு நண்பர் சிடியில் சிக்வினைக் கொண்டுவந்து, மேசை மேல் கிடந்த சாதாரண விண்டோஸ் பிசியில் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரையில் ஷெல் வந்து நின்றது. கம்பைலர் ஓடியது. அன்று முதல் வரிசையில் நிற்கிற வேலை ஒழிந்தது. மெதுவாக ஓடியது, அடிக்கடி தடுக்கி விழுந்தது, அதெல்லாம் வேறு விஷயம்.

ஏன் மெதுவாக ஓடியது, ஏன் விழுந்தது என்பதற்கு வருகிறேன். கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்கள் இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், ரயிலை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

யுனிக்ஸ் வீட்டில் ஃபோர்க் என்று ஒரு வழக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராம் ஒன்று தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும். தாய் ஒன்று, சேய் ஒன்று. தாய்க்கு ஞாபகத்தில் இருந்ததெல்லாம் சேய்க்கும் இருக்கும். தாய் எந்த வரியில் நின்றதோ அதே வரியிலிருந்து சேய் நடக்க ஆரம்பிக்கும். யுனிக்ஸ் கர்னல் இதைச் சிரமமில்லாமல் செய்யும். மெமரி முழுவதையும் உடனே நகலெடுக்காமல், இருவரும் ஒரே பக்கத்தைப் படிக்கட்டும், யாராவது எழுதும்போது மட்டும் தனிப் பிரதி கொடுப்போம் என்று விட்டுவிடும்.

விண்டோஸில், வின்32 என்ற வாசல் வழியாக வருகிறவர்களுக்கு இந்த வழக்கமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், என்டி கர்னலுக்குள்ளே இதற்கான சாமான் இருக்கிறது. 1993-இல் வந்த முதல் என்டியிலேயே போசிக்ஸ் துணையமைப்பு ஒன்று வைத்திருந்தார்கள். சாதாரண ப்ரோக்ராமுக்கு அந்தக் கதவு திறக்காது. ஆகவே சிக்வின் கையால் செய்கிறது. முதலில் அதே ப்ரோக்ராமைப் புதிதாகத் துவக்கி, ஓட விடாமல் நிறுத்தி வைக்கும். தாய் தன் நிலைமையைக் குறித்து வைத்துவிட்டு, தன்னுடைய டேட்டாவை எல்லாம் சேயின் மெமரிக்குள் எழுதும். பிறகு சேயைத் தட்டி எழுப்பும். சேய் கண் விழித்து, "நான் புதுசாப் பிறந்தவன் இல்லை, நகல்" என்று தெரிந்துகொண்டு, தாய் குறித்து வைத்த இடத்துக்குத் தாவி, மறுபடி காத்திருக்கும். தாய் இப்போது ஸ்டாக்கையும் ஹீப்பையும் நகலெடுத்துக் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் இருவரும் அவரவர் வழியில் போவார்கள். ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட் ஆயிரம் சின்ன கட்டளைகளைக் கூப்பிட்டால், இந்தப் பிரசவம் ஆயிரம் முறை நடக்க வேண்டும். மெதுவாக ஓடாமல் என்ன செய்யும்?

மெதுவாக ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். விழுவது எப்படி என்றால், ரயிலில் தாய் உட்கார்ந்திருந்த பெட்டியில் அவளுடைய சாமான்கள் ஒவ்வொன்றும் ஒரு பெர்த் நம்பரில் இருக்கின்றன. சாமான் என்று நான் சொல்வது டிஎல்எல் கோப்புகள். "17-ஆம் பெர்த்தில் பெட்டி இருக்கு" என்று தாய் எழுதி வைத்த சீட்டு அப்படியே சேயிடமும் இருக்கும். ஆகவே சேயின் பெட்டியிலும் அதே சாமான் அதே 17-இல் இருந்தாக வேண்டும். ஆனால் பெர்த் ஒதுக்குவது விண்டோஸ். கேட்ட இடம் காலியாக இல்லாவிட்டால் அது பாட்டுக்கு வேறு இடத்தில் தூக்கி வைத்துவிடும். இன்னொரு ஆள் வேறு உண்டு: ஆன்டிவைரஸ். ரயில் புறப்படுவதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பவர் அவர்தான். 17-இல் துண்டு கிடந்தால் தாயின் சாமான் 42-க்குப் போகும், சேயின் சீட்டு பொய்யாகும், சிக்வின் கையைப் பிசைந்துவிட்டு, டிஎல்எல் வேறு முகவரியில் ஏறிவிட்டது என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் செத்துப்போகும்.

2011-இல் எங்களிடம் இது நடந்தது. இரவு இரண்டு மணிக்கு எல்லா மீட்டர் ப்ரோக்ராமும் தானாக பில்ட் ஆகிற ஏற்பாடு. பத்து நாளைக்கு ஒருமுறை பாதியில் நின்றுவிடும். காலையில் வந்து மெஷினை ரீபூட் செய்தால் சரியாகிவிடும். "ரீபூட் பண்ணிட்டா ஓடுதுல்ல, விடுங்கப்பா" என்பது மேலிடத்து அபிப்பிராயம். பத்து நாளைக்கு ஒருமுறை என்பது ஐந்து நாளாகி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆனது. வாடிக்கையாளரிடம் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தேதி தவறினால் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

எங்கள் குழுவில் அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். நம் கல்லூரிதான், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், இன்றைக்கு ஊரில் இல்லை. அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஒவ்வொரு முறை விழும்போதும் தேதி, நேரம், எந்த டிஎல்எல், எந்த முகவரி என்று பென்சிலால் எழுதி வைத்தார். மூன்று வாரம். ஒருநாள் என் மேசைக்கு வந்து, "சார், எப்பவும் இந்த ரெண்டே ரெண்டு டிஎல்எல்தான் சார் விழுது. மத்தது எதுவும் விழறதில்லை" என்றார். "எந்தெந்த நாள்ல விழுதும்மா?" என்றேன். "ஆன்டிவைரஸ் புதுசா அப்டேட் ஆன மறுநாளெல்லாம் விழுது சார்."

அந்த இரண்டும் வெளியிலிருந்து ஒரு நிறுவனம் எங்களுக்குச் செய்து கொடுத்தவை. சிக்வினில் ரீபேஸ் என்று ஒரு கருவி உண்டு. எல்லா டிஎல்எல்களுக்கும் ஒன்றோடொன்று முட்டாத மாதிரி பெர்த் நம்பர் எழுதிக் கொடுப்பது அதன் வேலை. சிக்வினின் நிறுவல் பட்டியலில் உள்ள கோப்புகளுக்குத்தான் அது தானாக எழுதும். வெளியிலிருந்து வந்தவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைச் சேர்த்து, சிக்வின் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரீபேஸை ஓட்டி, பில்ட் நடக்கும் டைரக்டரியை ஆன்டிவைரஸ் தொடாதபடி அனுமதி வாங்கினோம். அனுமதி வாங்கத்தான் பதினோரு நாள் ஆனது! அதன் பிறகு அந்த மெஷின் மாற்றப்படும் வரை இரவு பில்ட் அந்தக் காரணத்துக்காக நிற்கவில்லை. இந்த வேலையில் புது ப்ரோக்ராம் எத்தனை வரி எழுதினார் என்று கேட்டால், ஒரு வரிகூட இல்லை. நான் பார்த்த நல்ல பொறியியல் வேலைகளில் அது ஒன்று.

32-பிட் காலத்தில் பெட்டி சிறியது, பெர்த் குறைவு, அதனால் மோதல் அதிகம். 2013-இல் 64-பிட் சிக்வின் வந்த பிறகு இடத்துக்குப் பஞ்சமில்லை. மோதல் அறவே போய்விடவில்லை, ஆனால் இன்றைய பிள்ளைகள் பலர் ரீபேஸ் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள்.

மற்ற பழுதுகளை வேகமாகச் சொல்கிறேன். வரி முடிவுச் சண்டை எல்லோருக்கும் தெரிந்தது. யுனிக்ஸ் ஒரு எழுத்தால் வரியை முடிக்கும், 10-ஆம் எண். விண்டோஸ் 13, 10 என்று இரண்டு போடும். நோட்பேடில் திருத்திய ஸ்க்ரிப்டை ஷெல்லிடம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த 13-ஐப் பார்த்து அப்படியொரு கட்டளை இல்லை என்று மறுக்கும். கோப்புப் பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி எல்லாம் யுனிக்ஸில் செல்லும், விண்டோஸில் செல்லாது. சிக்வின் அவற்றை யுனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதிக்கு நகர்த்தி வைத்துவிட்டு, கேட்டால் பழைய எழுத்தாகக் காட்டும். ஆக்ஸ், கான், நல் என்றெல்லாம் விண்டோஸில் கோப்புக்குப் பெயர் வைக்க முடியாது. டாஸ் காலத்துச் சாதனப் பெயர்கள் அவை. லினக்ஸ் கர்னலின் சோர்ஸுக்குள்ளேயே ஆக்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு. 2009-க்குப் பிந்திய சிக்வின் அதையும் உருவாக்கிவிடும். ஆனால் அதை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் அழிக்க முயன்று பாருங்கள், தெரியும் சேதி.

அந்த 2009 டிசம்பர் வெளியீடு, 1.7.1, நம்மவர்களுக்கு ஒரு வகையில் முக்கியம். அதற்கு முந்திய 1.5 வரிசையில் கோப்புப் பெயர்கள் விண்டோஸின் பழைய எட்டு பிட் வழியாகவே போய் வந்தன. ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் அந்த வழியில் ஒரு கோட் பக்கம் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒன்று வந்ததே இல்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே யுனிகோடாகத்தான் வந்தது. விளைவு, தமிழில் பெயர் வைத்த கோப்பு சிக்வினில் வெறும் கேள்விக்குறி வரிசையாகத் தெரியும், திறக்க முடியாது. ஒரு நண்பர் தன் அப்பாவின் கட்டுரைகளை எல்லாம் தமிழ்த் தலைப்பிலேயே சேமித்து வைத்திருந்தார். பேக்கப் எடுக்க நான் ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட் எழுதிக் கொடுத்தால், சிக்வின் அத்தனையையும் விட்டுவிட்டு ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டுபோனது. 1.7-இல் உள்ளே எல்லாம் யுனிகோட், வெளியே யுடிஎஃப்-8 என்று மாற்றினார்கள். அதே ஸ்க்ரிப்ட், ஓர் எழுத்து மாற்றாமல், அத்தனை கட்டுரையையும் எடுத்துக்கொண்டு போனது. இந்த மாற்றத்தைச் செய்தபோது தமிழ்க் கட்டுரைகளை அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. நமக்கு வந்து சேர்ந்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. திறந்திருக்கிற கோப்பை அழிப்பது. யுனிக்ஸில் ஒரு கோப்பை ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அழிக்கலாம். பெயர் போய்விடும், படிக்கிறவர் முடிக்கும் வரை உள்ளடக்கம் உயிரோடிருக்கும். விண்டோஸில் கேட்டால், இதை இன்னொருவர் பயன்படுத்துகிறார் போ என்று விரட்டும், இல்லையென்றால் அழிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி ஆள் மூடும் வரை பெயரை விடாது. அந்த இடைவெளியில் அதே பெயரில் புதுக் கோப்பு உருவாக்க முடியாது. யுனிக்ஸ் ப்ரோக்ராம்கள் நிமிஷத்துக்கு நூறு முறை செய்கிற காரியம் இது. சிக்வின் என்ன செய்தது தெரியுமா? அழிக்க வேண்டிய கோப்புக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்து ரீசைக்கிள் பின்னுக்குள் தள்ளிவிட்டது. பெயர் காலியாகிவிட்டது, கோப்பு மெதுவாகச் சாகட்டும் என்று! வருஷக்கணக்காக இந்த வைத்தியம் ஓடியது. பிறகு விண்டோஸ் 10-இலேயே யுனிக்ஸ் முறைப்படி அழிக்கிற வசதி வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த சிக்வின் 3.0 அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது. வசதி இருக்கிற இடத்தில் புது முறை, இல்லாத இடத்தில் அதே பழைய வைத்தியம்.

திருத்தம் என்றால் எப்போதும் நல்லதே நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019 டிசம்பரில் 3.1.0 வந்தது. விண்டோஸ் 10-இல் புதிதாக வந்திருந்த போலிக் கன்சோல் வசதியை அதில் இணைத்தார்கள். டகாஷி யானோ என்பவர் செய்த பெரிய வேலை அது. அதற்கு முன்பு சிக்வினின் டெர்மினலில் சாதாரண விண்டோஸ் ப்ரோக்ராம் ஒன்றை ஓட்டினால், தான் ஒரு குழாய்க்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு அது உளறும். இனி உளறாது. ஆனால் நாற்பது வருஷப் பழக்கமுள்ள டெர்மினல் சம்பிரதாயங்களும் விண்டோஸ் கன்சோலும் நேருக்கு நேர் சந்தித்ததில், ஒரு பக்கம் சரியானது, மறு பக்கம் கர்சர் தப்பான இடத்தில் நின்றது, எழுத்து இரண்டு முறை வந்தது. 3.1.1, 3.1.2 என்று அடுத்தடுத்த வெளியீடுகளில் அதைத் தட்டிக் கொட்டிச் சரி செய்துகொண்டே வந்தார்கள். சில குறை சொல்லிகள், "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டாங்க" என்றார்கள். நல்லா இருக்கவில்லை, அவர்கள் பழகிப்போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சிக்வினின் ஒவ்வொரு வெளியீட்டோடும் ஒரு குறிப்பு வரும்: புதிதாக என்ன, மாறியது என்ன, திருத்திய பழுதுகள் என்ன. திருத்தம் ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று வரிதான். பலவற்றின் கீழே, எந்தப் புகாருக்குப் பதிலாக இது செய்யப்பட்டது என்ற சுட்டி இருக்கும். அந்தச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு போய்ப் புகாரைப் படியுங்கள். பிறகு சோர்ஸில் அந்த மாற்றத்தைப் பாருங்கள். ஆறு வரி மாற்றத்துக்குப் பின்னால் சில சமயம் இரண்டு வாரத்து வாக்குவாதம் இருக்கும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. நல்ல புகார் எது, மட்டமான புகார் எது என்பதும் அங்கேயே விளங்கிவிடும். "ஓட மாட்டேங்குது" என்பது புகார் இல்லை, புலம்பல். இருபது வரி சி ப்ரோக்ராம், அதை ஓட்டினால் என்ன வர வேண்டும், என்ன வருகிறது, எந்த வெர்ஷன் என்று எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது எங்கள் ஆபீஸில் நடந்த ஒரு சண்டை. சிக்வின் பழைய விண்டோஸ்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டே வந்திருக்கிறது. 95, 98, மில்லெனியம் மூன்றும் 1.7-ஓடு போயின. எக்ஸ்பி 2016-இல் 2.6-ஓடு போனது. 2022 டிசம்பரில் 3.4 வந்தபோது 32-பிட் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் 3.5 வந்ததும் விண்டோஸ் 7-உம் 8-உம் போய்விட்டன. எங்களிடம் மீட்டர்களைச் சோதித்துச் சரிபார்க்கிற பெஞ்ச் ஒன்று உண்டு. அதைக் கட்டுப்படுத்தும் கார்டுக்கு விண்டோஸ் 7-க்குப் பிறகு டிரைவர் வரவில்லை. பெஞ்சை ஓட்டுகிற ஸ்க்ரிப்டுகள் எல்லாம் சிக்வின். "ஓடுற வண்டியை ஏன்பா நிறுத்தணும்?" என்று ஒரு கட்சி. "அந்த மெஷின் நெட்வொர்க்ல இருக்கு, இனிமே அதுக்குத் திருத்தம் எதுவும் வராது, ஒருநாள் யாராவது உள்ளே வந்தா எல்லா மீட்டரோட கணக்கும் சந்தேகம்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. மீட்டர் தப்பாக ஓடினால் பணம் போவது ஏதோ ஒரு வீட்டுக்காரருக்கு. அவருக்குச் சிக்வின் என்றால் என்னவென்றே தெரியாது.

கடைசியில் பழைய பெஞ்சின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினோம். அதில் இருக்கும் சிக்வினை, அதன் எல்லாப் பொட்டலங்களோடும் சோர்ஸோடும், இரண்டு டிஸ்க்கில் பத்திரமாக எடுத்து வைத்தோம். புது கார்டு வாங்கிப் புது மெஷினில் பெஞ்சை மறுபடி கட்ட எட்டு மாதம் ஆனது. செலவுக் கணக்கைப் பார்த்து முதல் கட்சிக்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார், பாயசம் இரண்டு முறை வாங்கினார்.

பழசை விட்டுவிட்டுப் போகிற சிக்வின்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பழைய விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் தனி வழி எழுதி வைத்துக்கொண்டே போனால், அத்தனை வழியிலும் பழுது பார்க்க ஆள் வேண்டும். ஆள் எங்கே? சிக்னஸை ரெட் ஹாட் வாங்குவதாக 1999-இல் அறிவிப்பு வந்தது. பல வருஷம் கிறிஸ்டோபர் ஃபேலர் இதைத் தலைமை தாங்கி நடத்தினார், அவருக்குப் பிறகு கொரின்னா வின்ஷென். மைய டிஎல்எல்லில் கை வைக்கத் தெரிந்தவர்களை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம்.

"சார், இப்பத்தான் டபிள்யூஎஸ்எல் இருக்கே, எதுக்கு சிக்வின்?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 2016-இல் மைக்ரோசாஃப்டே விண்டோஸுக்குள் லினக்ஸ் ப்ரோக்ராம்களை ஓட வைத்தது. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கர்னலே உள்ளே ஓடுகிறது. லினக்ஸ் வேண்டும் என்றால் அதுதான் சரி. எங்கள் புதுப் பிரிவுகள் அதற்குப் போய்விட்டன. ஆனால் அங்கே லினக்ஸ் தனி வீட்டில் குடியிருக்கிறது. சிக்வின் ப்ரோக்ராம் விண்டோஸ் ப்ரோக்ராமாகவே இருந்து, விண்டோஸ் டிரைவரோடும் விண்டோஸ் கோப்போடும் அதே வீட்டுக்குள் புழங்குகிறது. பெஞ்ச் வேலைக்கு எங்களுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. அப்புறம் தம்பி, உங்க லேப்டாப்ல கிட் ஃபார் விண்டோஸ் இருக்குல்ல? அதோட வர்ற பாஷ் ஓடறது எம்சிஸ்2 மேல. எம்சிஸ்2-வோட அடிப்படை டிஎல்எல் சிக்வின்ல இருந்து பிரிஞ்சு வந்தது. நீங்க தினமும் துபாஷி கையாலதான் சாப்பிடறீங்க.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன்: அடுத்த மாதம் முதல் இரண்டு சனிக்கிழமையும் பத்து மணியிலிருந்து கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். வருகிறவர்கள் ஒரு சின்ன சி ப்ரோக்ராம் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு கோப்பை உருவாக்கித் திறந்து வைத்துக்கொண்டு, அதை அழித்து, அழித்த பிறகும் அதிலேயே எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, அதே பெயரில் இன்னொரு கோப்பை உருவாக்க வேண்டும். இருபத்தைந்து வரிக்கு மேல் போகாது. அதைச் சி டிரைவில், ஃபாட் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில், லேபின் நெட்வொர்க் டிரைவில் என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்ப்போம். மூன்றும் ஒரே பதிலைச் சொல்கிறதா என்று எழுதி வைக்க ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வந்துவிடுங்கள்.